பழுப்பேறாத ஸ்லைடு

ஆய்வகத்தில் அந்த மெழுகுக் கட்டிக்கு ‘சீனியர்’ என்று பெயர். உள்ளே உறைந்திருப்பது நகத்தளவு இரைப்பைச் சதை. சந்தேகமே இல்லாத புற்று. புது நோயாளியின் சதையில் ஆன்டிபாடி என்ற நிறமேற்றும் மருந்தை விட்டுப் புற்றின் அடையாளத்தைத் தேடும்போதெல்லாம் சீனியரிலிருந்து ஒரு சீவலும் பக்கத்தில் இருக்கும். அதில் பழுப்பு ஏறினால்தான் மருந்து வேலை செய்தது என்று அர்த்தம்.

“சீனியர் வந்தாச்சாக்கா? லீவே போடாத மனுஷன்,” என்பாள் பக்கத்து மேசைக்காரி.

சதை சீவும் அக்காவும் சிரித்துவைப்பாள். அது தன் கணவனுடையது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த சதையை மெழுகில் பதித்ததே அவள்தான். அவன் போய்ச் சேர்ந்த பிறகும் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். வெட்டுமுன் கட்டியைப் பனித்தட்டில் குளிரவைப்பார்கள். எடுக்கும்போது விரல் சில்லிடும். கடைசி நாட்களில் அவன் கை அப்படித்தான் இருந்தது.

கட்டி தேய்ந்துகொண்டே வந்தது. சீவும் இயந்திரத்தில் ஏற்றும்போதெல்லாம் கொஞ்சம் வீணாகும். அதற்கு மனம் வராமல், எப்போதோ வெட்டிவைத்த பழைய சீவல்களை வைத்தே ஒப்பேற்றினாள்.

அப்போதுதான் கொழுந்தனுக்கு வயிற்றில் குழாய் விட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள்.

“நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்கண்ணி. சாப்பாடே இறங்கல.”

அவன் ஸ்லைடில் பழுப்பே இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது. பக்கத்துச் சீவலைப் பார்த்தாள். அதிலும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் சாட்சி சொன்னவன், தம்பிக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

“பழைய சீவல் மேடம். அதான் நிறம் ஏறல,” என்றாள் டாக்டரிடம்.

“இருக்கலாம். மருந்தே சரியா விழாமலும் இருந்திருக்கலாம். எதை நம்பி நான் கையெழுத்துப் போடுறது? புதுசா வெட்டி, ரெண்டையும் மறுபடி போடுங்க.”

“இதுல இன்னொண்ணு வெட்டினா கட்டி தீந்துடும்.”

“வேற கட்டி தயாராக ஒரு வாரம் ஆகும். காத்திருக்கிறதுன்னா இருங்க.”

அவள் இயந்திரத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது, திரும்பவில்லை. பிறகு கைப்பிடியைச் சுற்றினாள். ஒரு முழுச் சீவல் விழுந்தது. அடுத்த சுற்றில் வெறும் மெழுகு.

இந்த முறை கணவனின் சதை முழுக்கப் பழுப்பேறிக் கிடந்தது. கொழுந்தனுடையதில், ஒரே ஒரு மூலையில், அதே பழுப்பு.

டாக்டர் மற்ற ஸ்லைடுகளோடு ஒப்பிட்டு நெடுநேரம் பார்த்தார். “புற்று இல்லை. ஆனா அதுக்குப் போற வழியில நிக்குது. குழாய் வழியாவே எடுத்துடலாம். விட்டிருந்தா வம்பாயிருக்கும்.”

அவள் கொழுந்தனுக்குப் போன் செய்து, முதல் தடவை ஒன்றும் தெரியாததையும் சேர்த்துச் சொன்னாள்.

“முதல்ல ஒண்ணுமில்லங்கிறீங்க, இப்ப இருக்குங்கிறீங்க. எதை நம்புறது? யாரு பாத்தா?”

“டாக்டர் பாத்தாங்க. நான் பாத்தேன்.” தீர்ந்துபோன கட்டியைப் பார்த்தாள். “உங்கண்ணனும் கூட இருந்தாரு தம்பி.”



“எப்ப வந்து படுக்கணும் அண்ணி?” என்றான் கடைசியில்.