மச்சாளின் வீட்டுக்கு ஒரு முண்டு

கத்தரிக்கோலை விரித்து நிறுத்தியதுபோன்ற கல் வளைவுகள். பல்கலைக்கழக நூலகத்தில் பழைய படங்களைக் கணினியில் ஏற்றும் வேலையில் இருந்தபோது, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள ஒரு பேராலயத்தின் அந்தப் படத்தில் மட்டும் என் கை நின்றுவிடும். கீழே ஒரு வளைவு. அதன் தலையோடு தலை முட்ட, தலைகீழாக இன்னொன்று. அழகுக்காகக் கட்டியது என்றுதான் நினைத்தேன். கூடவிருந்த குறிப்பைப் படித்த பின்புதான் விஷயம் தெரிந்தது. பதினான்காம் நூற்றாண்டில் ஆசைப்பட்டு நடுக்கோபுரத்தை இன்னும் உயர்த்தியிருக்கிறார்கள். அடியில் நிலம் பாரம் தாங்கவில்லை. தூண்கள் அமிழ, கோபுரம் சாய்ந்து வெடித்தது. இடிக்க மனம் வரவில்லை போலும். தூண்களுக்கு நடுவே மூன்று பக்கத்தில் இந்த வளைவுகளைச் செருகினார்கள். எங்கள் பேச்சில் சொன்னால், சரியாமல் தாங்க முண்டு கொடுத்தார்கள். போன வருடம் நேரில் போய் அதன் கீழே நின்றேன். கோபுரம் அசையாமல் நிற்கிறது. எனக்கு மச்சாளின் ஞாபகம்தான் வந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. ரூஜ் என்ற புறநகரில் புதுவீடு வாங்கியிருந்தார். மகனின் பொன்னுருக்குக்கு வரும் அறுபது பேரும் ஒரே ஹோலில் இருக்கவேண்டும் என்று, சமைக்கிற குசினிக்கும் ஹோலுக்கும் நடுவிலிருந்த சுவரை ஒருவரையும் கேட்காமல் உடைப்பித்தார். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால். எங்கள் குடும்பத்தில் அவரோடு பேசி வென்றவர் கிடையாது. தாலிக்குப் பொன் உருக்க நான்கு நாள் இருக்கையில் பலகாரம் சுடப் போனேன். மேல்மாடி அறைக் கதவைச் சாத்தமுடியவில்லை. “மழைக்கு ஊதிப்போச்சு” என்றார். கீழே, சுவர் இருந்த இடத்துக்கு நேர்மேலே பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். வாசலில் கட்டவேண்டியது நடு ஹோலில் ஏன் என்று விலக்கிப் பார்த்தால், சீலிங்கில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு.

சொன்னால் கலியாண வீட்டில் அபசகுனம் பேசினேன் என்பார். சொல்லாவிட்டால் அறுபது பேரும் அதன் கீழே இருப்பார்கள். நேரே சொல்லத் தைரியமில்லாமல், அந்தப் பேராலயத்தின் கதையைத் தொடங்கினேன். மச்சாள் எண்ணெய்ச் சட்டியை விட்டுத் திரும்பவேயில்லை.

“அப்ப உவங்கள் இடிக்கேல்லையோ?”

“இல்லை மச்சாள். முண்டு குடுத்தவங்கள். இப்ப சனம் அதைப் பாக்கத்தான் போகுது.”

மச்சாள் அடுப்பை நிற்பாட்டினார்.

“உமக்கு ஆரேன் எஞ்சினியரைத் தெரியுமோ?”

மறுநாள் வந்த எஞ்சினியர் எல்லாம் பார்த்துவிட்டு, வீட்டைக் காப்பாற்றலாம், ஆனால் இப்படியே கூட்டத்தைக் கூப்பிட்டால் தான் பொறுப்பில்லை என்றார். சுவர் நின்ற கோட்டில் தற்காலிகமாக நான்கு இரும்புத் தூண்கள் வந்தன. நிரந்தரமான உத்தரம் கலியாணத்துக்குப் பிறகு. பொன்னுருக்கு அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் நடந்தது. மச்சாள் அவற்றுக்கு மஞ்சள் துணி சுற்றியிருந்தார். அலங்காரம் நல்லாயிருக்கிறது என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். நான் சீலிங்கை ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. அப்படியொரு நிம்மதி.

அந்த நிம்மதி எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சனம் போனபின் தேத்தண்ணீரோடு பக்கத்தில் வந்து இருந்த மச்சாள் மெதுவாகச் சொன்னார்:

“ரெண்டு கிழமையா நான் அதுக்குக் கீழால நடக்கேல்லை, தெரியுமோ. பின்கதவால சுத்தித்தான் குசினிக்குப் போறனான். ஆரேன் ஒராள் எனக்குச் சொல்லமாட்டினமோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”