ஸ்பிரே கன் கேட்ட காற்று

கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவுகளுக்கு நானே பெயிண்ட் அடிப்பதென்று முடிவு செய்தேன். ஸ்பிரே கன் புதிதாக வாங்கினேன். அதற்குக் காற்று தரும் கம்ப்ரசரை மட்டும், செந்தூலில் டயர் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பியிடம் இரவல் கேட்டேன். "வீட்டு வேலைக்கு" என்றேன். பெயிண்ட் என்று சொல்லவில்லை. சொன்னால் தானே வந்து நின்று நிறம் முதற்கொண்டு மாற்றிவிடுவான் என்று பயம்.

அன்றைக்கே கொண்டுவந்து இறக்கினான். "வச்சுக்குங்க மச்சான், எனக்கு வேற இருக்கு." அவ்வளவு சுலபமாகக் கொடுத்ததே என்னை உறுத்தியது.

முதல் கதவின் மேல்பாதி கண்ணாடி மாதிரி வந்தது. கீழ்ப்பாதிக்கு இறங்குவதற்குள் கன் இருமத் தொடங்கியது. பெயிண்ட் துளித்துளியாகத் தெறித்துச் சொரசொரவென்று காய்ந்தது. கம்ப்ரசர் மோட்டார் ஓயாமல் ஓடியும் அழுத்தம் காட்டும் முள் ஏறவில்லை. பழுதானதை என் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்தேன். காற்று கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் கரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அப்படியானால் உள்ளே ஏதோ கோளாறு என்று மனம் அடுத்த இடத்துக்குத் தாவியது.

"என் தம்பி மேல சந்தேகமா?" என்றாள் மனைவி.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சோப்பு நுரை சொல்லுதே."

மறுநாள் அவளிடம் சொல்லாமல் எல்லாவற்றையும் காரில் ஏற்றி ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா கம்ப்ரசரை ஓடவிட்டு அதன் சத்தத்தைக் கவனித்தார். "இது நல்லாதான் இருக்கு அண்ணே. கன் எங்க?"

புது கன் விற்கப் பார்க்கிறார் என்று அவர் மீதும் சந்தேகம் வந்தது. இருந்தாலும் கன் இருந்த பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண்ணில் விரலை வைத்தார்.

"இது நிமிஷத்துக்குப் பத்து கன அடி காத்து கேக்குது. உங்க கம்ப்ரசர் நாலுதான் குடுக்கும். எல்லாரும் ஹார்ஸ்பவர்தான் பார்க்கறாங்க. காத்து எவ்வளவு வருதுன்னு பார்க்கணும்லா."

"மொதல்ல நல்லா அடிச்சுதே?"

"அது டேங்க்ல இருந்த காத்து. தீந்ததும் மூச்சு வாங்குது. மூணு கன அடியே போதும்ங்கிற சின்ன கன் இருக்கு, தரவா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். வீட்டில் டேங்க்கை நிரப்பி, பெயிண்ட் இல்லாமல் கன்னின் விசையை அழுத்திப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஆகுமுன்பே அழுத்த முள் விழுந்துவிட்டது. மறுநாள் போய்ச் சின்ன கன்னை வாங்கினேன். கதவுகள் எல்லாம் ஒரே சீராக வந்தன, மெதுவாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மைத்துனன் வந்தான். கதவைத் தடவிப் பார்த்தான்.

"பெயிண்ட் அடிக்கவா கேட்டீங்க? சொல்லியிருந்தா பெருச குடுத்திருப்பேனே. இது டயருக்குக் காத்தடிக்கிறது."

மனைவி என்னையே பார்த்தாள். மறைக்க முடியாமல் நடந்ததைச் சொன்னேன்.

"கெட்டுப்போனதக் குடுப்பேன்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

சாப்பிடும்போது அவன் என்னோடு பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து, வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று பெரிய கம்ப்ரசரை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். நான் அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். உதவிக்கு நின்றானா, என்னைக் கண்காணிக்க நின்றானா என்று நான் கேட்கவில்லை.