மூளையைப் பார்க்கும் பரீட்சை

காரிமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு இன்று ஓர் அக்கா தன் அப்பாவோடு வந்தார். மூன்றாவது முறையாக நீட் தேர்வுக்கு விண்ணப்பம் போட வேண்டும்.

"மொத தடவ நூத்தி முப்பது மார்க்கு. ரெண்டு வருசம் கோச்சிங் அனுப்புனேன், நானூறத் தாண்டிருச்சு. மூளை இருக்கறவங்க எழுதற பரீட்சை பாப்பா இது" என்றார் அப்பா.

"சும்மா இருப்பா" என்றார் அக்கா.

"நீ என்ன படிக்கற பாப்பா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"பத்தாவதோட நின்னுட்டேங்க."

கணக்கில் பெயில் என்று சொல்ல வாய் வரவில்லை.

"உனக்கு மண்டையில ஏறாது, வேலைக்குப் போ" என்றார்கள் அப்போது வீட்டில். இன்று காலை வரை நானும் அதை நம்பினேன்.

நான் கணக்குப் பரீட்சை எழுதியது ஒரே ஒரு முறை. எனக்கு மூளை இல்லை என்று அதிலேயே முடிவாகிவிட்டது.

அந்த அக்காவுக்கு மூளை எந்தக் கோச்சிங் சென்டரில் வளர்ந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எப்படியும் என்னை அனுப்ப மாட்டார்கள், சும்மா தெரிந்துகொள்ளத்தான்.