நாற்பத்து மூன்று டிக்

என் அக்கா முப்பத்தொரு வருஷமாக மூன்றாம் வகுப்பு டீச்சர். பரீட்சைத் தாள் மட்டுமில்லை, மளிகைச் சீட்டு, மருந்துச் சீட்டு, என் கல்யாணப் பத்திரிகை, எது கைக்கு வந்தாலும் படித்து முடித்து ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிடுவாள். கைப்பழக்கம். அந்தக் கைதான் அவளைக் கோர்ட்டில் நிறுத்தியது.

வார்டு தேர்தலில் ஓட்டு எண்ண அவளைக் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் எண்ணியவள், கண் சொக்கிய நேரத்தில் வாக்குச்சீட்டுக் கட்டு ஒன்றில் இருந்த நாற்பத்து மூன்று சீட்டுக்கும் டிக் போட்டிருக்கிறாள். ஒன்பது ஓட்டில் தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்டார். கட்டைப் பிரித்ததும் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அத்தனையும் ஜெயித்தவருக்கு விழுந்தவை. ‘ஓட்டுப் போட்டவர்களே ரகசிய அடையாளம் வைத்திருக்கிறார்கள், செல்லாது’ என்று தோற்றவர் வழக்குப் போட்டார்.

அக்கா தேர்தல் அதிகாரியிடம் ஓடினாள்.

“சார், அது நான் போட்டது.”

“உங்கள யாராவது கேட்டாங்களா? வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போங்கம்மா. வேலை போயிடும்.”

நானும் அதையேதான் சொன்னேன். கேட்டால்தானே!

“நாப்பத்து மூணு பேர் வெயில்ல நின்னு போட்ட ஓட்டுடி” என்றாள்.

கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னாள். “எந்தக் கட்சிம்மா நீங்க?” என்று தோற்றவரின் வக்கீல் மடக்கினார்.

“மூணாம் வகுப்பு சார்.”

கோர்ட்டே சிரித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. வெள்ளைத்தாளைக் கொடுத்து, திருடனிடம் கைரேகை எடுப்பதுபோல நூறு டிக் போடச் சொன்னார்கள். அப்புறம் வாய்தா, வாய்தா, நாலரை வருஷம் வாய்தா. கடைசியில் ‘பதவிக்காலமே முடிந்துவிட்டது, இனி விசாரிக்க ஒன்றுமில்லை’ என்று வழக்கை மூடினார்கள். இரண்டு பக்கத்து வக்கீல்களும் தோளில் கைபோட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அந்த ஓட்டெல்லாம் செல்லுமா செல்லாதா என்று ஒருத்தனும் சொல்லவில்லை, பாவிகள்!

ஆனால் அக்கா கூண்டில் சொன்னதை மட்டும் கல்வி அலுவலகம் பத்திரமாக எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கும்போது விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வாக்குச்சீட்டில் குறியிட்டது நீங்களா? கீழே இரண்டு கட்டம்: ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன். பொருந்துவதில் டிக் செய்யவும். ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும்.

“மறுக்கிறேன்னு போட்டுத் தொலைக்கா! வழக்கையே மூடிட்டாங்க, இனி எவன் தோண்டப் போறான்?” என்று கத்தினேன்.

அக்கா பென்சிலைச் சீவினாள்.

“முப்பத்தொரு வருஷத்துல தப்பான விடைக்கு நான் டிக் போட்டதில்லடி.”