ரேடியோ இல்லாத வீரய்யா

என் அப்பா வீரய்யாவிடம் ரேடியோ இருந்ததில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நம்பவைக்க அவர் ஆறு வருடம் கடிதம் எழுதினார். நம்பாமல் இருக்க மேலதிகாரிகளும் அதே ஆறு வருடம் சளைக்காமல் உழைத்தார்கள்.

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர். வீட்டின் முன்னறைதான் கிளைத் தபாலாபீஸ். அப்பாதான் போஸ்ட்மாஸ்டர். ரேடியோ வைத்திருப்பவர்கள் வருடா வருடம் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1955 ஆடியில் அப்பாவுக்கே ஒரு கடிதம் வந்தது: தங்கள் ரேடியோவுக்கு லைசென்ஸ் இல்லை, பதினைந்து நாளில் எடுக்காவிட்டால் நடவடிக்கை. ரேடியோ வாங்கிய யாரோ கடையில் "மே/பா போஸ்ட்மாஸ்டர் வீரய்யா" என்று விலாசம் கொடுத்திருக்கலாம். மலேயாக் கடிதங்களே எங்கள் ஊருக்கு அப்படித்தான் வரும். எங்கள் வீட்டில் ஏரியல் ஆகத் தகுதியுள்ள பொருள் அம்மா துணி காயப்போடும் கம்பி ஒன்றுதான். நான் ரேடியோ மெக்கானிக். சோதித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்துக்கும் அப்பா முறைப்படி முத்திரை குத்தி, தபால்காரர் அய்யாக்கண்ணுவிடம் கொடுத்தார். அவர் விலாசத்தைப் பார்த்துவிட்டு மேஜைக்கு மேலேயே திருப்பி நீட்டினார்.

"ஒங்களுக்குத்தானுங்க. இப்பிடியே வாங்கிக்கங்க."

"இது ஆபீஸு. கடுதாசிய வீட்டுல கொண்டுபோய்க் குடு."

"வீடும் இதானுங்களே."

"அங்கிட்டுச் சுத்திப் போனா வாசல் வரும்."

அய்யாக்கண்ணு சந்து வழியாகச் சுற்றிப்போய் என் அம்மா பிச்சையம்மாளிடம் கொடுத்தார். ஆறு வருடத்தில் இப்படிப் பத்தொன்பது முறை.

என்னிடம் ரேடியோ இல்லை என்று அப்பா எழுதினார். இல்லையென்றால் லைசென்சை ஒப்படைக்கவும் என்று பதில் வந்தது. லைசென்சும் இல்லை என்று எழுதினார். லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருப்பது குற்றம் என்று பதில் வந்தது. ரேடியோவுக்குள் சத்தம் இப்படிச் சுற்றிச் சுற்றி ஊளையிட்டால் ஒரு வால்வைக் கழற்றி வேறு மாட்டுவேன். ஆபீசில் எதைக் கழற்றுவது என்று எனக்குச் சொல்லித்தரவில்லை.

"கட்டித் தொலைங்களேன்" என்றாள் அம்மா. "இல்லாத மாட்டுக்குப் புல்லு வாங்குனதா நெனச்சுக்கங்க."

"கட்டுனா வச்சிருந்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. தபாலாபீசுல இருந்துக்கிட்டு தபாலாபீசையே ஏமாத்துனவன்னு பேரு வரும். எனக்கு ஒரு வரி போதும். வீரய்யாகிட்ட ரேடியோ இல்லைன்னு அவங்க கையால எழுதித் தரட்டும்."

அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

1961-இல் வந்த கடிதம், வேலையும் போகும் என்றது. அப்போது நான் திருச்சியில் ஒரு பட்டறையில் இருந்தேன். படித்தவன் அல்லவா, பிரச்சினையைத் தீர்த்துவைத்தேன். பாக்கி, அபராதம் எல்லாவற்றையும் அப்பா பெயரில் கட்டினேன். என்ன ரேடியோ என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். நானே பூட்டிய நாலு வால்வு பேட்டரி ரேடியோப் பெட்டியின் விவரத்தை எழுதினேன்.

லைசென்ஸ் புத்தகம் அப்பாவின் தபால் பையிலேயே போய் இறங்கியது. அவரிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது: "லைசென்ஸ் வந்து சேர்ந்தது. நீயா கட்டினாய்?" வேறொன்றும் எழுதவில்லை.

அந்த லைசென்சை ரத்து செய்ய அப்பா படிவம் வாங்கினார். ரேடியோவை யாரிடம் கொடுத்தீர்கள் என்று அதில் ஒரு கேள்வி.

ஊருக்குப் போயிருந்த நான், "வித்துட்டேன்னு எழுதுங்கப்பா" என்றேன்.

"இல்லாத பெட்டிய எவன்கிட்டடா விக்கிறது? நீ எழுதிக் குடுத்தியே, அந்தப் பெட்டி. அத எடுத்துட்டு வா."

கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அப்பா அதை அடுப்படி ஓரமாக வைக்கச் சொன்னார். நான் குமிழைத் திருகப் போனேன்.

"போடாத."

"வந்தது வந்துச்சு, ஒரு பாட்டு கேட்டாத்தான் என்ன?" என்றாள் அம்மா.

"கேட்டா வச்சிருந்த மாதிரி ஆயிரும். இது வந்துட்டுப் போகுது, அவ்வளவுதான்."

நான் என் கையால் பூட்டிய முதல் பெட்டி அது. ஒரு நாள் முழுக்க எங்கள் வீட்டில் ஊமையாக இருந்தது. மறுநாள் அதைப் பஞ்சாயத்துத் தலைவர் நல்லதம்பியிடம் கொடுத்துவிட்டு, கொடுத்ததாக அப்பா படிவத்தில் எழுதினார். ஒரு நாள்தான் இருந்தது என்பதையும் சேர்த்தார். படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் எழுதினார்.

பதில் ஒரே வாரத்தில் வந்தது. அரசாங்கம் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. 1955 முதல் தாங்கள் வைத்திருந்த ரேடியோவின் லைசென்ஸ் ரத்து செய்யப்பட்டது.

அப்பா இரண்டு தடவை படித்தார்.

"நீ கட்டாம இருந்திருந்தா, அவங்களுக்கும் எனக்கும் வழக்காவது ஓடிக்கிட்டு இருந்திருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அதன்பிறகு அவர் யாருக்கும் எதையும் எழுதவில்லை. இந்தத் தை மாதம் இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாள் நான் எழுதினேன். பணம் கட்டியது என் தவறு, என் தகப்பனாரிடம் ரேடியோ இருந்ததில்லை, அதை ஒரு வரியில் உறுதிசெய்து தரவும்.

நேற்று பதில் வந்தது. லைசென்ஸ்தாரரே கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டுமாம். படிவம் இணைத்திருக்கிறார்கள்.