தங்கை பின்னாத அன்னாசிகள்

கண்டியில் சமதரையில் வீடு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் ஒரு சரிவில் இருந்தது. ரோட்டிலிருந்து வாசலுக்கு இறங்க நாற்பத்திரண்டு படிகள். மழைக்காலம் வந்துவிட்டால் நாற்பத்திரண்டிலும் பாசி. இருபத்தெட்டாம் வயதில், ஒரு கையில் குடையும் மறு கையில் சூடான பாண் ரொட்டியுமாக நான் இறங்கி வந்தபோது அந்தப் பாசி தன் வேலையைக் காட்டியது. வலது மணிக்கட்டு உடைந்தது. பாணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாண் நசுங்காமல் வந்து சேர்ந்ததை அம்மா ஒரு மாதம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கட்டுப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். விரல் மடங்காவிட்டால் எனக்கு அங்கே வேலை இல்லை. பேராதனை ஆஸ்பத்திரியில், கைக்குப் பயிற்சி கொடுக்கும் அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கிருந்த சிங்கள அம்மணி முதல் வாரம் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். இரண்டாவது வாரம் பந்தை வாங்கி வைத்துக்கொண்டு, முனையில் கொக்கி வளைந்த ஊசியும் ஒரு நூல் உருண்டையும் கொடுத்தார். குரோசே பின்னல். நான் தயங்கியதைப் பார்த்து அறையின் மூலையைக் காட்டினார். அங்கே மீசை வைத்த லொறிச் சாரதி ஒருவர் ரோஸ் நிற நூலில் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார். ஆறு வாரம் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பின்னினோம். ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஆறு வாரத்தில் விரல்கள் சரியாகிவிட்டன. இனி வரத் தேவையில்லை என்று அம்மணி சொன்னபோது எனக்குத் துக்கமாக இருந்தது. திரும்பி வரும் வழியில் கண்டி டவுனில் இறங்கி, ஒரு கடையில் சொந்தமாக ஓர் ஊசியும் நான்கு உருண்டை நூலும் வாங்கினேன். "வீட்டம்மாவுக்குங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆமாங்க" என்றேன். எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. பிறகு அம்மா சொன்ன பொய்களைப் பற்றி நான் என்ன எழுதினாலும், முதல் பொய் என்னுடையது என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

முதலில் ரேடியோவுக்கு ஓர் உறை. அடுத்து டீவிக்கு. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஆங்கிலப் பெண்கள் பத்திரிகை ஒன்றில் அன்னாசிப் பின்னல் என்று ஒரு வகை இருந்தது. விசிறி மாதிரி விரிந்து, அன்னாசிப்பழம் மாதிரிக் கூம்பி முடியும். அதில் விழுந்தவன் எழுந்திருக்கவேயில்லை. உட்காரும் கதிரைகளின் முதுகுகள், அலுமாரித் தலை, தண்ணீர் பில்டர், மேசை விளக்கு எல்லாவற்றிலும் அன்னாசி. நிற்கிற பொருளுக்கெல்லாம் உறை, படுத்திருக்கிற பொருளுக்கெல்லாம் விரிப்பு. கேஸ் சிலிண்டருக்கு இரண்டு அடுக்குப் பாவாடை ஒன்று பின்னிப் போட்ட அன்றைக்கு அம்மா பொறுமை இழந்தாள்.

"என்னையும் ஒண்ணு போட்டு மூடிரு. நிம்மதியாப் போயிருவேன்."

அம்மாவுக்குப் பின்னல் பிடிக்காமல் இல்லை. பின்னுகிறவன் மீசை வைத்திருப்பதுதான் பிடிக்கவில்லை. அப்பா இல்லாத வீடு. நான்தான் குடும்பத் தலைவன். குடும்பத் தலைவன் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து நூல் உருண்டையை மடியில் வைத்துக்கொண்டிருப்பதை நாலு பேர் பார்த்தால் என்ன ஆவது என்று ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுவாள். அந்தத் திரையின் கரையும் நான் பின்னியதுதான்.

ஒருநாள் மேல் வீட்டு அக்கா டீவி பார்க்க வந்தார். கதிரையைத் தடவிப் பார்த்து, "யாரு பின்னினது?" என்றார்.

"மகதான்," என்றாள் அம்மா, கண்ணிமைக்காமல். "ஸ்கூல் விட்டு வந்தா சும்மாவே இருக்க மாட்டா."

அது உண்மைதான். என் தங்கை சும்மா இருக்க மாட்டாள். அந்த நேரத்தில் அவள் உள்ளறைத் தரையில் அயன்பெட்டியைக் கழற்றிப் போட்டு அதன் குடலை ஆராய்ந்துகொண்டிருந்தாள். வத்தேகமைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். ரேடியோ, டார்ச்லைட், அயன்பெட்டி எதுவானாலும் பிரித்துத் திரும்பப் பூட்டுவாள். ஆனால் சட்டைப் பட்டன் அறுந்தால் என்னிடம்தான் கொண்டுவருவாள். "அம்மா பொய் சொல்லுது, நீயும் கேட்டுக்கிட்டு இருக்க" என்று என்னிடம் சண்டை பிடித்தாள். நான் சிரித்து மழுப்பினேன். எனக்கு அந்தப் பொய் சௌகரியமாக இருந்தது. அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு என்ன பட்டப்பெயர் வைப்பார்கள் என்று நன்றாகத் தெரியும். ஏனென்றால் மற்றவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. அந்த மூன்று வருடத்தில் என் தங்கை ஊரறிந்த கைவேலைக்காரி ஆகிவிட்டாள்.

அப்போதுதான் வத்தேகமையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அதே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். வந்தது என்பது பேச்சுக்கு. வாத்தியாரும் டீச்சரும் ஏற்கனவே பேசி முடிவெடுத்து, பெரியவர்கள் கண்டுபிடித்த மாதிரி இருக்கட்டும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டிருந்தார்கள். பெரியவர்களும் தெரியாத மாதிரியே நடந்துகொண்டார்கள். எல்லாம் மாப்பிள்ளையின் அம்மா சரி என்பதில்தான் இருந்தது. அந்த அம்மா சொல்லாமல் அந்த வீட்டில் அடுப்புகூட எரியாதாம். அவருக்கு விருப்பமான ஒரே விஷயம் குரோசே பின்னலாம். பொண்ணு அன்னாசிப் பின்னலில் கெட்டிக்காரி என்று மேல் வீட்டு அக்கா வழியாகக் கேள்விப்பட்டு, பொண்ணைப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே பாதிச் சம்மதம் சொல்லிவிட்டாராம்.

தங்கை வெளிறிப் போனாள். அவளுக்கு அந்த வாத்தியாரை அவ்வளவு பிடித்திருந்தது. "இப்பவே உண்மையச் சொல்லி அனுப்பிருவோம்மா," என்றாள்.

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் மறந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம்," என்றாள் அம்மா.

அவர்கள் பொண்ணு பார்க்க வர இன்னும் பத்து நாள் இருந்தது. நான் தங்கைக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தேன். கணக்கெல்லாம் அவளுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. இருபதாவது சுற்றில் எத்தனை கண்ணி வரும் என்று கேட்டால் காகிதமில்லாமல் சொன்னாள். ஊசியைக் கையில் கொடுத்தால்தான் பிரச்சினை. எதிரியின் கழுத்தை நெரிக்கிற பிடி. அவள் போட்ட சங்கிலியைப் பிரிக்க எனக்குக் கத்திரிக்கோல் தேவைப்பட்டது. ஒன்பதாவது நாள் அம்மா பாடத்தை நிறுத்திவிட்டு, பழைய வேட்டித் துணியைக் கிழித்து அவளுடைய ஆள்காட்டி விரலில் கட்டினாள்.

"அருவாமனை வெட்டிருச்சு. ஊசி பிடிக்க முடியாது. யாரு கேட்டாலும் இதுதான்."

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வடையில் கவனமாக இருந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா பொண்ணைப் பார்க்கவேயில்லை. உட்காரப் போனவர் கதிரை விரிப்பைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கத்தைப் பார்த்தால்தான் பின்னியவரின் யோக்கியதை தெரியும். அது பின்னுகிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

"நூல் முனை எங்க போச்சுன்னே தெரியலயே!" என்றார்.

மூன்று வருடத்தில் என் பின்னலின் பின்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேத்தண்ணி சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆரம்பிக்க எத்தனை சங்கிலி என்று கேட்டார். தங்கை சரியாகச் சொன்னாள். ஓர் அன்னாசி முடிய எத்தனை சுற்று என்று கேட்டார். அதையும் சொன்னாள். அம்மா முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் நிலைப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைத் திறந்து, பாதி பின்னிய ஒரு மேசைவிரிப்பை எடுத்துத் தங்கையின் மடியில் வைத்தார்.

"ஓரமெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு நிக்குது. மூணு தடவை பிரிச்சுப் பின்னிட்டேன். எங்க தப்புன்னு பாரும்மா."

"பாவம், விரல்ல வெட்டுங்க..." என்றாள் அம்மா.

"பின்ன வேணாங்க. தப்பு எங்கன்னு காட்டினாப் போதும்."

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தப்பு எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கண்ணிகளை அதிகமாகக் கூட்டியிருந்தார். என் விரல்கள் துடித்தன. தங்கை அந்த விரிப்பைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். ஒரு வார்த்தை, குடும்பத் தலைவன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று காத்திருந்தாள். எனக்கு நிறைய நேரம் கொடுத்தாள். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். அதில் அன்றைக்கு என்ன திதி என்பதுகூட எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

தங்கை விரலில் இருந்த துணியை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"எனக்கு வெட்டெல்லாம் இல்லைங்க. பின்னவும் தெரியாது. இந்த வீட்டுல இருக்கிறது எல்லாமே அண்ணன் பின்னினது. எனக்கு ஒரு பட்டன் தைக்கக்கூட வராது. பொய் சொல்லிட்டு உங்க வீட்டுக்கு வர எனக்கு இஷ்டமில்ல."

குரல் நடுங்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா வடையைப் பாதியில் நிறுத்தினார். மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னியதற்காக அல்ல. என் தங்கை தன் வாழ்க்கையை மேசையில் வைத்துச் சொன்ன ஒரு விஷயத்தை, நான் மீசையைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லாமல் இருந்தேனே, அதற்காக.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார்.

"என்னடா தெரியும்?"

"டீச்சருக்குப் பின்னத் தெரியாதுன்னு. அதுக்குத்தாம்மா இந்தப் பொண்ணையே கேட்டேன். நம்ம வீட்டுல கதிரையில சாஞ்சா முதுகுல பூ அச்சு விழுது. டீவியப் பார்க்க ஒரு துணியத் தூக்கணும், ரேடியோ கேட்க ஒரு துணியத் தூக்கணும். இன்னொருத்தரும் பின்ற ஆளா வந்தா நான் எங்கம்மா போவேன்?"

மாப்பிள்ளையின் அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டு, மனைவியின் பார்வையைக் கண்டு மிச்ச வடையை வாயில் போட்டுக்கொண்டார். அந்த அம்மா மகனைத் தலையிலிருந்து கால் வரை முறைத்தார்.

"எந்திரிச்சு அந்தப் பக்கம் போடா," என்றார். காலியான கதிரையைத் தட்டினார். "தம்பி, நீங்க இங்க வாங்க."

போனேன். மேசைவிரிப்பை மடியில் வாங்கி, நூலின் நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒன்பது சுற்றுகளைப் பிரித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் "ஐயோ" என்றார். பத்தாவதில் நிறுத்தி, எங்கே கூட்ட வேண்டும், எங்கே கூட்டக் கூடாது என்று பின்னிக் காட்டினேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே, நாலு பேர் முன்னால் நான் ஊசி பிடித்தது அதுதான் முதல் தடவை. நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. ஓரம் சப்பென்று படிந்து உட்கார்ந்தது. அவர் அதைக் கையால் நீவி நீவிப் பார்த்தார்.

"தை மாசம் நாள் பாருங்க," என்றார் அம்மாவிடம். "பொண்ணுக்குப் பின்ன வராட்டிப் போகுது. பேச வருது. ஆனா தம்பி மாசத்துக்கு ஒருக்கா வத்தேகமைக்கு வரணும். இப்பவே சொல்லிப்புட்டேன்."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். பொண்ணு வெட்கப்படுகிறாள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அவரிடம் இன்னொரு சுற்றைக் கேட்டு வாங்கிப் பின்னினேன்.

அம்மாவைக் காணவில்லை. உள்ளே அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. திரும்பி வந்தவளின் முகம் தெரியாதபடி இரண்டு கை நிறையத் துணிகள். இடமில்லாமல் மடித்து வைத்திருந்தவை எல்லாம். ஒவ்வொன்றாக மேசையில் விரித்தாள். "இது எம் மகன் பின்னினதுங்க. இதுவும் எம் மகன் பின்னினது. இது ரெண்டே வாரத்துல பின்னினான். ராத்திரி சோறுகூட வேணாம்னுட்டு பின்னுவான்." குரல் ஏறிக்கொண்டே போனது. தெருவுக்குக் கேட்டிருக்கும். கடைசியாக வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய மேசைவிரிப்பை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். முந்தின வருடம் டவுனில் அவளே விலை பேசி வாங்கி வந்தது. மிஷினில் பின்னியது. மூலையில் தைத்திருந்த கடைச் சீட்டைப் பெருவிரலால் அமுக்கி மறைத்துக்கொண்டாள்.

"இதுவுந்தான். எம் மகன் பின்னினது."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். இப்போதாவது வாயைத் திற என்று அந்தப் பார்வை சொன்னது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவள் சம்பந்தியம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் அம்மா ஆள் முன்னால் என்னைப் பற்றி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஆத்தாடி, எம்மாம் பெருசு," என்றார் சம்பந்தியம்மா. "இதுக்கு எவ்வளவு நாள் எடுத்துச்சு தம்பி?"

"மூணு மாசங்க," என்றேன்.