கயிறில்லாத நாயும் நான் எழுதிய புகாரும்

"நாய்கள் எந்நேரமும் கயிற்றில் கட்டப்பட்டிருக்க வேண்டும். உரிமையாளர் கூட வராமல் அவை அயலவரின் இடத்துக்குள் நுழையக் கூடாது." காம்பிங் ஒழுங்குவிதிகள், ஒன்பதாம் பிரிவு, முதலாம் இரண்டாம் பந்திகள். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய அந்த நான்கு பக்கங்களையும் கடைசி வரைக்கும் வாசித்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். எழுதியவர்கூட இரண்டாம் முறை வாசித்திருப்பாரோ தெரியாது.

இது நடந்தது 2013ஆம் ஆண்டு கோடையில், சுவிஸில், நொஷாட்டல் ஏரிக்கரையில் இருந்த ஒரு காம்பிங்கில், அதாவது கூடாரம் போட்டுக் கோடையைக் கழிக்கும் இடத்தில். அதற்கு முந்திய வருடம்தான் நான் ஓய்வு பெற்றிருந்தேன். மகளும் மருமகனும் ஆசைப்பட்டு, காரில் கட்டி இழுக்கும் வீடான ஒரு காரவன் வாங்கி, இரண்டு கோடை அதில் தங்கி, அலுத்துப்போய், எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ஏரியிலிருந்து நூறு அடி தூரத்தில் ஒரு புல் துண்டு, காரவன், முன்னால் ஒரு துணிப்பந்தல், இரண்டு மடக்குக் கதிரை. ஜூனிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் அதுதான் எனக்கும் மனைவிக்கும் வீடு.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். இங்கே வந்து இருபத்தைந்து வருடம் ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலை செய்தாலும் கையிலிருந்து பேனை போகவில்லை. விசா, வரி, பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டுக்காரனோடு தகராறு என்று எங்கள் ஆட்களில் பாதிப்பேர் என்னிடம்தான் வருவார்கள். நான் பிரெஞ்சு படித்ததே படிவங்களில்தான். எழுதினால் வழக்கறிஞர் போல எழுதுவேன். வாயைத் திறந்தால் நாலு வயதுப் பிள்ளை. ஆகவே ஏதும் பிரச்சினை என்றால் என் கால் ஆளிடம் போகாது, கை தாளிடம் போகும்.

எங்களுக்கு எதிர்ப்புறம், கரைப் பக்கமாக, ஒரு சுவிஸ் முதியவர் தனியாக இருந்தார். எண்பதை நெருங்கிய நெடிய உருவம், கையில் ஊன்றுகோல். அவருடைய காரவன் சில்லுகள் மண்ணுக்குள் புதைந்து, அதைச் சுற்றிச் செடிகள் வளர்ந்து, அது இனி எங்கேயும் போகாது என்பது போல இருந்தது. கூடவே ஒரு பெரிய மண்ணிற நாய். அதுவும் அவரைப் போலவே வயதானது. காலையில் அவர் "போன்ஜூர்" என்பார், நானும் "போன்ஜூர்" என்பேன். ஒரு முழுக் கோடையில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

இரண்டாம் கோடையில் அந்த நாய் எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. கயிறு இல்லை, பின்னால் ஆள் இல்லை. நான் காலையில் குளிக்கும் கட்டடத்துக்குப் போய் வருவதற்குள் பந்தலின் கீழ் விரித்திருந்த பாயில் ஈரக் கால் அடையாளங்கள் இருக்கும். ஒருநாள் என் செருப்பில் ஒன்று செடிக்குள் கிடந்தது. இன்னொருநாள் என் கண் முன்னாலேயே பந்தல் கயிற்று முளையில் காலைத் தூக்கியது. முதியவர் அங்கே கதிரையில் இருந்தபடியே ஒரு சீழ்க்கை அடிப்பார். அது என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அலுவல் முடித்த அதிகாரி போல மெதுவாகத் திரும்பிப் போகும்.

நான் ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன். திகதி, நேரம், நடந்தது என்ன. பதினொரு தடவை.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை சோலோதுர்ன் நகரிலிருந்து ஒரு நண்பர் குடும்பத்தோடு வந்தார். ஒடியல் கூழ் காய்ச்சுவது என்று முதலே பேசியிருந்தோம். நண்டு, இறால், பயிற்றங்காய் எல்லாம் போட்டுப் பெரிய பானையில் காய்ச்சி, ஆறட்டும் என்று மனைவி பந்தலின் ஓரத்தில் இறக்கி வைத்திருந்தாள். நாங்கள் ஏரிக்கரைக்கு நடந்து போய்த் திரும்பி வரும்போது பானைக்கு முன்னால் அந்த நாய் நிற்கிறது. மூடி புல்லில் கிடக்கிறது. மூக்கெல்லாம் கூழ்.

நண்பருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பாருங்கோ அண்ணை, வெள்ளைக்காரன்ர நாயும் கூழுக்கு வரிசையிலை வந்து நிக்குது."

பிறகு, கோப்பையில் பாணும் சம்பலும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"ஊர்ச் சனத்துக்கெல்லாம் எழுதிக் குடுக்கிறியள். ஒரு நாயை நிப்பாட்டேலாதோ உங்களாலை?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனைவி மட்டும் பானையைக் கழுவ எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். கூழ் வீணாய்ப் போன கவலை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவர்கள் போன கையோடு நான் எழுத உட்கார்ந்தேன். நல்ல கடிதம் அது. விடயம், சம்பவங்களின் பட்டியல், மீறப்பட்ட பிரிவும் பந்தியும், கோரிக்கை, பத்து நாள் அவகாசம். காம்பிங் பொறுப்பாளருக்கு முகவரியிட்டேன். அந்த நிலம் கொம்யூனுக்கு, அதாவது அந்த ஊர் நிர்வாகத்துக்குச் சொந்தமானது. ஆகவே அடியில், பழைய அலுவலகப் பழக்கத்தில், ஒரு வரி சேர்த்தேன்: "பிரதி: கொம்யூன் நிர்வாகம்." பிரதி போகாத கடிதத்தை ஒருவரும் மதிப்பதில்லை என்று எனக்கு வேலை பழக்கிய தலைமை எழுதுவினைஞர் சொல்லுவார். அடுத்த நாள் காலை இரண்டையும் பதிவுத் தபாலில் போட்டேன். முதியவரின் கதிரைக்கும் என் கதிரைக்கும் இடையில் முப்பது அடிகூட இல்லை. தபால் நிலையம் இரண்டு கிலோமீற்றர். நான் நடந்தது தபால் நிலையத்துக்கு.

நாலு நாள் கழித்துப் பொறுப்பாளர் ஒரு தாளோடு முதியவரிடம் போவதைக் காரவன் திரைக்குள்ளால் பார்த்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், எப்போதும் சிரித்த முகம். அன்று சிரிப்பு இல்லை. முதியவர் தாளை வாசித்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், தலையை ஆட்டினார். அன்று பின்னேரமே நாயின் கழுத்தில் ஒரு புதுச் சிவப்புக் கயிறு வந்துவிட்டது. நடவடிக்கை துரிதமாக இருக்கிறது என்று எனக்குத் திருப்தி.

அடுத்த நாள் காலை நான் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். முதியவர் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் கயிறுமாகத் தன் இடத்து வாசலில் நின்றார். நாய்க்கு அது எங்கள் பக்கம் வரும் நேரம். அது வழமை போல எங்கள் பந்தலைப் பார்த்து வெளிக்கிட்டது. கயிறு இழுபட்டது. அவர் இரண்டு அடி அதனோடு வந்தார், மூன்றாவது அடியில் சரளைக் கல்லில் முழங்காலும் கையும் ஊன்ற விழுந்தார்.

நான் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். தூக்கி நிறுத்தி, கதிரையில் இருத்தி, உள்ளங்கையில் ஒட்டியிருந்த கல்லைத் தட்டிவிட்டேன். இரத்தம் கசிந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போன்ற அயலவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்றார். யாரோ தன்னைப் பற்றிப் புகார் எழுதியிருக்கிறார்களாம், யார் என்று பொறுப்பாளர் சொல்ல மறுக்கிறாராம், முப்பது வருடத்தில் இதுதான் முதல் தடவையாம். சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெட்கம்தான் இருந்தது.

திரும்பி வந்தால் மனைவி காரவன் படியில் நின்றாள். கையில் ஒரு சின்னத் தட்டு. அதில் முதல்நாள் இடியப்பம் இரண்டு, பிய்த்துப் போட்டபடி.

"என்ன இது?"

"ராசாவுக்கு."

"எந்த ராசாவுக்கு?"

அவள் கண்ணால் எதிர்ப்புறம் காட்டினாள். எனக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

"எவ்வளவு காலமாய் இது நடக்குது?"

"போன கோடை முடியிற நேரம் தொடங்கினது. நீங்கள் குளிக்கப் போற நேரம் வரும். குடுத்தால் தின்னும், கொஞ்ச நேரம் காலடியிலை படுக்கும். நான் கதைச்சுக்கொண்டிருப்பன்."

"நாயோடை என்னத்தைக் கதைக்கிறீர்?"

"என்னத்தையெண்டு? எல்லாம்தான். அது கேக்கும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொன்னால் அதுக்கும் ஒரு சட்டம் எடுத்துக்கொண்டு வருவியள்."

அவள் சொன்னது சரி. பிரிவு ஒன்பது, நான்காம் பந்தி: பிறருடைய மிருகங்களுக்கு உணவளித்தல் ஆகாது. எனக்கு அது மனப்பாடம்.

பிறகு அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"எழுதினது நீங்களோ?"

"ஓம்."

அவள் தட்டோடு உள்ளே போனாள். நான் கொப்பியில் குறித்த பதினொரு அத்துமீறலும் என் வீட்டு அழைப்பின் பேரில் நடந்தவை என்பதை ஈரத் துவாயோடு நின்று யோசித்தேன்.

அன்றே பொறுப்பாளரிடம் போனேன். புகாரை மீளப் பெறுகிறேன் என்று எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன், வெறுங்கையோடு போகத் தெரியாதே. அவர் என்னை இருக்கச் சொல்லி, நாலு வயதுப் பிள்ளைக்கு விளங்கும் பிரெஞ்சில் ஆறுதலாகச் சொன்னார். முதியவருக்கு ஒரு பக்கக் கை கால் பலம் குறைவு. ஊன்றுகோலும் கயிறும் ஒன்றாகப் பிடிக்க முடியாது. ஆகவே காலையிலும் மாலையிலும் நாயை அவிழ்த்துவிடப் பொறுப்பாளரே அவருக்கு வாயால் அனுமதி கொடுத்திருந்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். "உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன்." எனக்கு யார் சொல்வது? போன்ஜூருக்கு மேல் நான் ஒருவரையும் வர விட்டதில்லை.

நீங்கள் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவரிடம் சொல்லியிருப்பேன், அவர் ஒரு போத்தல் வைனோடு உங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்திருப்பார் என்றார். சரி, கடிதம்தான் எழுதினீர்கள், அது எனக்கு மட்டும் வந்திருந்தாலும் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு உங்களைத் தேடி வந்திருப்பேன் என்றார். பிறகு என் கடிதத்தை எடுத்து, கடைசி வரியில் விரலை வைத்தார். பிரதி கிடைத்த அன்றைக்கே கொம்யூனிலிருந்து தொலைபேசி வந்ததாம், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று. தாளில் வராத வரைக்கும் தனக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், தாளில் வந்த பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. அவர் கோபப்படவில்லை. இப்படிக் கடிதம் எழுதத் தெரிந்தவர் நீங்கள், உங்களுக்கு விளங்கும் என்றார். எனக்கு நன்றாகவே விளங்கியது.

அன்று பின்னேரம் கொம்யூனுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். நாய் வந்தது எங்கள் தவறால், உணவு வைத்தது நாங்கள், புகாரை முழுமையாக மீளப் பெறுகிறேன், அவருக்கு முன்பிருந்த சலுகையை எழுத்திலேயே கொடுங்கள் என்று. அதுவும் பதிவுத் தபால். கோடை விடுமுறை என்பதால் பதில் தாமதமாகும் என்று ஒரு அச்சிட்ட அட்டை வந்தது.

முதியவர் காத்திருக்கவில்லை. ஓகஸ்ட் இரண்டாம் கிழமை ஒரு வான் வந்தது. உறவுக்காரர் போல இரண்டு பேர் செடிச் சட்டிகளையும் கதிரைகளையும் ஏற்றினார்கள். காரவனை அப்படியே விட்டுவிட்டார்கள், அதை மண்ணிலிருந்து கிளப்ப முடியவில்லை. நாயைக் கயிற்றில் பிடித்திருக்க முடியாது, கட்டாமல் விட அனுமதி இல்லை, தன் ஊரில் வீட்டு முற்றத்தில் இருப்பதே நல்லது என்று எங்களிடம் விடைபெற வந்தபோது முதியவர் சொன்னார். அவருடைய மனைவி கடைசிக் கோடையைக் கழித்தது அந்த இடத்தில்தானாம். அதையும் அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. இரவிரவாகத் திருத்திய வாக்கியம், இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தை எழுதியவன் நான், மன்னியுங்கள். அவர் கையை நீட்டினார், நான் பிடித்தேன், "நல்ல பயணம்" என்று மட்டும் சொன்னேன். என் மனைவிக்குப் பிரெஞ்சு என்னைவிடக் குறைவு. அவள் குனிந்து நாயின் காதைத் தடவி, "போட்டு வா ராசா" என்றாள். அது அவளுக்குப் பின்னால் இடியப்பத் தட்டைத் தேடியது. பிறகு அவள் நிமிர்ந்து முதியவரைப் பார்த்து, என்னைக் காட்டி, தன் நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்தாள். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அவருக்கு விளங்கியதா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

செப்டெம்பரில் பொறுப்பாளர் மூலமாக அவருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். நான் எழுதியவற்றில் பிரிவு எண் இல்லாத கடிதம் அது ஒன்றுதான். அதற்குப் பதில் இல்லை. பதில் எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

கொம்யூனிலிருந்து மட்டும் வந்தது. மூன்று வரி. என் கடிதம் கிடைத்தது, சம்பந்தப்பட்டவர் தன் விருப்பத்தில் இடத்தைக் கையளித்துவிட்டதால் விடயம் முடிவுற்றது, ஒழுங்குவிதிகளில் நான் காட்டிய அக்கறைக்கு நன்றி. இந்த நாட்டு அலுவலகத் தீர்மானங்களின் அடியில், எத்தனை நாளுக்குள் யாரிடம் மேன்முறையீடு செய்யலாம் என்று ஒரு பந்தி இருக்கும். கண் தானாக அதைத் தேடியது. தாளைத் திருப்பினேன், பின்பக்கம் வெறுமை. விண்ணப்பம் மறுக்கப்பட்ட எத்தனையோ பேருக்கு நான் மேன்முறையீடு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆனால் என் பக்கமே சரி என்று சொல்லி நன்றியும் தெரிவித்த அந்த மூன்று வரிக்கு எதிராக யாரிடம் போவது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை. பழைய பழக்கத்தில், அவகாசம் எண்ணுவதற்காக, அது என் கைக்கு வந்து சேர்ந்த திகதியை மட்டும் கொப்பியில் குறித்தேன்: 2013 நவம்பர் 14.